வயலில் மழை அளப்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளுக்கு

தளி, ஓசூர்ப் பக்கம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி 500 மீட்டரை ஒட்டியது, ஊத்தங்கரை அதற்கும் தாழ்வு. ஆவணி, புரட்டாசியில் சாயங்காலம் வரும் இடிமழை ஓர் ஊரை நனைத்துவிட்டு அடுத்த ஊரை அப்படியே விட்டுவிடும். மாவட்டம் முழுக்கச் சேர்த்துச் சொல்லும் கணக்கை நம்பி விதையைக் கையில் எடுக்கக் கூடாது. உங்கள் வயலில் அளந்ததுதான் உங்கள் மழை.

இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று போதும். கழுத்துச் சரிவு முடிந்து உடம்பு முழு அகலத்துக்கு வரும் இடத்தில் நேராக வெட்டுங்கள். மேல்துண்டின் மூடியைக் கழற்றி, கவிழ்த்துப் புனல்போல உள்ளே வைத்து, இரண்டு விளிம்பும் சமமாக இருக்கும்படி டேப் ஒட்டுங்கள். மழையைப் பிடிப்பது அந்தப் புனல்வாய்தான். அதன் உள் அகலத்தை செ.மீ.யில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 0.785 ஆல் பெருக்கி, 10 ஆல் வகுத்தால், ஒரு மி.மீ. மழைக்கு எத்தனை மில்லி தண்ணீர் என்று கிடைக்கும். அகலம் 10.7 செ.மீ. என்றால் 9 மில்லி. காலையில் பாட்டிலில் 180 மில்லி இருந்தால் பெய்தது 20 மி.மீ. பாட்டிலில் கோடு போட வேண்டாம், அடிப்பாகம் வளைந்திருப்பதால் கோடு பொய் சொல்லும். ஊசி கழற்றிய 20 மில்லி சிரிஞ்சால் உறிஞ்சி அளப்பதே சரி.

பாட்டிலை மணல் போட்ட பக்கெட்டில் பாதிக்கு மேல் புதைத்து, வாய் சாயாமல் நிறுத்துங்கள். பாட்டில் வாய் பக்கெட் விளிம்பைவிட ஒரு கை அகலமாவது உயர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் விளிம்பில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரும் கணக்கில் சேரும். பெரும்பாலான தவறு இடத்தில்தான் வரும். மரமோ சுவரோ 5 மீட்டர் உயரமென்றால் குறைந்தது 10 மீட்டர் தள்ளி வையுங்கள். புளியமரத்தடியில் வைத்தால் இலை தடுத்தது போக மீதிதான் விழும்.

தினமும் காலை 8.30க்கு அளந்து கொட்டிவிடுங்கள். வானிலை ஆய்வு மையமும் அந்த நேரத்தையே பின்பற்றுவதால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். புயல் நாளில் இடையிடையே அளந்து கொட்டிக் கூட்டிக்கொள்ள வேண்டும். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. அது இந்தப் பாட்டிலில் நாலரை லிட்டர்!

செம்மண் காட்டில் பெரும்பாலும் 20 மி.மீ.க்கு மேல் பெய்தால்தான் ஓர் உழவு மழை. அதையும் எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அரை மணியில் கொட்டிய 25 மி.மீ. சரிவில் ஓடிவிடும், ராத்திரி முழுக்கத் தூறிய அதே அளவு மண்ணுக்குள் இறங்கும். மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டி, அடிமண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகப் பிடிபட்டு, கீழே போட்டதும் உதிர்ந்தால் பதம். விரலில் ஒட்டினால் ஏர் இறக்காதீர்கள், கட்டி விழும்.

ஆற்றுக்கு இந்தப் பாட்டில் பதில் சொல்லாது. தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.), சாத்தனூர் அணைகள் வழியாகக் கடலூரில் கடல் சேர்கிறது. மேலே பெய்தால் இங்கே ஒரு துளி இல்லாமலும் ஆறு ஏறும். அந்த டிசம்பரில் இங்கே கொட்டியதுதான் சாத்தனூரை நிரப்பி, கடலூர்க் கரையோர ஊர்களை மூழ்கடித்தது. ஆடியில் ஒகேனக்கல்லில் வரும் வெள்ளமோ குடகு, வயநாட்டு மழை. பாட்டில் காய்ந்திருக்கிறதே என்று காவிரியில் இறங்கவே கூடாது. அணைத் திறப்பு அறிவிப்பைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

நோட்டில் தேதி, மி.மீ., எவ்வளவு நேரம் பெய்தது, இந்த மூன்றும் போதும். பெய்யாத நாளிலும் 0 என்று எழுதுங்கள். இடம் காலியாக இருந்தால், அன்று மழை இல்லையா, அளக்க மறந்ததா என்று மூன்று மாதம் கழித்து யாருக்கும் தெரியாது.