இருக்கிற இடமே தெரியாத பிள்ளைக்குப் பள்ளியில் உதவி கேட்பது எப்படி?

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மிஸ் சிரித்த முகமாகச் சொல்வார்: "உங்க பொண்ணா? தங்கம் மேடம். கிளாஸ்ல இருக்கிற இடமே தெரியாது." அதே பிள்ளை வேனை விட்டு இறங்கியதும் பையை வீசிவிட்டு அரை மணி நேரம் அழுகிறது. இரண்டுமே உண்மை. ஆட்டிசம் (பிறரோடு பழகுவதும் பேசுவதும் சத்தம் போன்றவற்றை உணர்வதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) உள்ள பல பிள்ளைகள், குறிப்பாகப் பேச்சும் படிப்பும் நன்றாக வருபவர்கள், பள்ளி நேரம் முழுக்கத் தங்களை அடக்கிக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்து அதேபோல் செய்து நாளை ஓட்டிவிடுகிறார்கள். வீடு வந்ததும் பிடி விட்டுப்போகிறது. தொல்லை கொடுக்கும் பிள்ளையைப் பற்றிப் பள்ளியே போன் செய்யும். இந்தப் பிள்ளைக்காக யாரும் போன் செய்ய மாட்டார்கள். நாம்தான் போய்க் கேட்க வேண்டும். கீழே உள்ளவை தமிழ்நாட்டுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியவை.

1. முதலில் இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள்

"யாரோடும் சேர மாட்டேங்கிறா" என்று சொன்னால் பள்ளி "போகப் போகச் சரியாகிடும்" என்று முடித்துவிடும். தேதியும் நேரமும் போட்ட குறிப்பை அப்படித் தள்ள முடியாது. ஒரு நாள் குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

"செவ்வாய். 4.10க்கு வந்தாள். டிபன் பாக்ஸில் நான்கு இட்லியில் மூன்று அப்படியே. தண்ணீர் பாட்டில் திறக்கவே இல்லை. வந்ததும் பாத்ரூமுக்கு ஓடினாள். 4.25க்குத் தம்பி டிவி சத்தத்தைக் கூட்டியதும் அழுகை, 40 நிமிடம். இன்று பி.டி. பீரியட் இருந்தது."

டிபனும் தண்ணீர் பாட்டிலும் பாத்ரூமும் நிறையச் சொல்லும். மதியம் உட்கார இடம் கிடைக்காத பிள்ளை சாப்பிடாமல் மூடி வைத்துவிடும். "மே ஐ கோ" என்று எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கிக் கேட்கத் தயங்கும் பிள்ளை, பாத்ரூம் போகத் தேவைப்படாமல் இருக்கத் தண்ணீரே குடிக்காது.

குறிப்புகளைக் கால அட்டவணையோடு ஒட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பாட வேளைகளில் சிக்கல் இருக்காது. இடைவேளை, மதிய உணவு, பி.டி., வேனுக்குக் காத்திருக்கும் நேரம், ஆண்டு விழா ஒத்திகை என்று விதி தெளிவாக இல்லாத நேரங்களில்தான் இருக்கும்.

பிள்ளையிடம் "இன்னிக்கு யாரோட விளையாடின?" என்று கேட்டால் "எல்லாரோடயும்" என்று வரும், அல்லது பதிலே வராது. ஒரு தாளில் வகுப்பறை, மைதானம், தண்ணீர்க் குழாய், மாடிப்படி என்று படம் போட்டு, "லஞ்ச் பெல் அடிச்சதும் நீ எங்க நின்ன?" என்று கேளுங்கள். விரல் வைத்துக் காட்டும்.

2. கையில் ஒரு மருத்துவ அறிக்கை

குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தை மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் ஆகியோரிடம் மதிப்பீடு செய்யலாம். அரசு வழியில் போவதென்றால் பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பரிசோதிக்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் (DEIC) விசாரியுங்கள். சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. அரசின் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டில் பயன்படும் இந்திய ஆட்டிச அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பழகும் விதம், உணர்ச்சி, பேச்சு, நடத்தை, புலனுணர்வு, அறிதல் எல்லாம் அதில் வரும். பரீட்சை மார்க் அதில் இல்லை. ஆகவே "நல்லாப் படிக்கிற பிள்ளைக்குச் சான்றிதழ் தர மாட்டாங்க" என்று நீங்களாகவே முடிவு கட்ட வேண்டாம். டாக்டர் அறையிலும் இந்தப் பிள்ளை சமத்தாகத்தான் உட்கார்ந்திருக்கும். அந்த நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அறிக்கையில் "பள்ளிக்கான பரிந்துரைகள்" என்று ஒரு பக்கம் தனியாக எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பள்ளியில் வேலைக்கு ஆகும் பக்கம் அதுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. பல சலுகைகளுக்குக் குறைபாடு குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும் என்ற வரம்பு உண்டு. ஆனால், அரசு நிதி பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பிள்ளையின் தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று சொல்லும் 16ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை. தனியார் பள்ளிக்கும் இது பொருந்தும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (UDID) ஸ்வாவலம்பன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பித்து வையுங்கள். ஆனால் அது வரும்வரை பள்ளியிடம் பேசாமல் இருக்காதீர்கள்.

3. கடிதம்

வாய்வார்த்தையாகச் சொன்னது அடுத்த வாரம் காற்றோடு போய்விடும். தலைமை ஆசிரியர் பெயருக்கு ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள்:

"என் மகள் 4ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கிறாள். அவளுக்கு ஆட்டிசம் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. அறிக்கை நகல் இணைத்துள்ளேன். படிப்பிலும் ஒழுக்கத்திலும் குறை இல்லை. இடைவேளையிலும் குழுவாகச் செய்யும் வேலைகளிலும் அவளுக்கு உதவி தேவைப்படுகிறது. இரண்டு வாரக் குறிப்புகளையும் இணைத்துள்ளேன். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி கீழ்க்காணும் மூன்று வசதிகளைச் செய்து தரவும், இதுபற்றிப் பேச நேரம் ஒதுக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதி, கையெழுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள்.

4. என்ன கேட்பது

"கொஞ்சம் பார்த்துக்கோங்க மிஸ்" என்பதை யாரும் செயல்படுத்த முடியாது. 40 பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு எந்த நேரம், எந்த இடம், யார் என்று தெரிய வேண்டும். இவற்றிலிருந்து முதலில் மூன்றை மட்டும் எடுங்கள்:

மதிய உணவுக்கு நிலையான இடமும், பக்கத்தில் உட்கார அமைதியான இரண்டு மூன்று பிள்ளைகளும். ஒரே தோழியைப் பொறுப்பாக்கினால் அந்தப் பிள்ளை சலித்துப்போகும். பிறகு முறித்துக்கொள்வது இன்னும் வலிக்கும். முறை வைத்து மாற்றச் சொல்லுங்கள்.

இடைவேளையில் ஒரு வேலை அல்லது இடம். நூலகத்தில் புத்தகம் அடுக்கலாம், செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், செஸ் போர்டு வைத்து ஒரு மூலையில் விளையாடலாம். "போய் எல்லாரோடயும் விளையாடு" என்று மைதானத்தில் தள்ளிவிட்டால் சுவரோரம் நின்றுவிட்டு வரும். கையில் வேலையும் கூட ஒரு துணையும் இருந்தால் பேச்சு தானாக வர வாய்ப்புண்டு.

குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டும். "நீங்களே குரூப் சேர்ந்துக்கோங்க" என்ற அந்த ஒரு நிமிடத்தில் மிஞ்சி நிற்பது இந்தப் பிள்ளைதான். பி.டி.யில் டீம் பிரிப்பதும் அப்படியே. குழுவுக்குள் இதன் வேலை எது என்பதையும் ஆசிரியரே சொல்லிவிடட்டும்.

மேசை மேல் வைக்க ஒரு சிறிய அட்டை. அதைத் திருப்பி வைத்தால் பாத்ரூமுக்கோ இரண்டு நிமிடம் வெளியேவோ போகலாம் என்று பொருள். கையைத் தூக்க வேண்டாம்.

ஆசிரியர் வராத நாள், ஒத்திகை, தேர்வு அறை மாற்றம் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை.

நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டியவை இரண்டு. சமத்துப் பிள்ளை என்பதால் சேட்டைக்காரர்கள் இருவருக்கு நடுவில் உட்கார வைப்பார்கள். அவர்களை அடக்கும் வேலை இந்தப் பிள்ளையின் தலையில் விழும். இன்னொன்று, பேசுபவர்கள் பெயரை போர்டில் எழுதும் லீடர் வேலை. விதியை அப்படியே பின்பற்றும் பிள்ளை ஒருவர் விடாமல் எழுதிவிடும். மறுநாளிலிருந்து வகுப்பே ஒதுக்கிவைக்கும். ஆசிரியர் பாராட்டாக நினைத்துத்தான் கொடுத்திருப்பார். அதனால் குற்றம் சொல்லாமல் விளக்கிச் சொல்லுங்கள்.

கேலி, மிரட்டல் நடந்தாலும் இந்தப் பிள்ளைகள் பலர் சொல்ல மாட்டார்கள். நடப்பது கேலி என்றே சில சமயம் புரியாது. பென்சில், ஸ்நாக்ஸ் தினமும் காணாமல் போனால் கேளுங்கள்.

5. கூட்டத்தில் வரும் பதில்கள்

"மார்க் நல்லாத்தானே வாங்குறா?" என்றால், "மார்க்குக்காக வரலை மேடம், மதியம் சாப்பிடாம வர்றதுக்காக வந்தேன்" என்று நோட்டைத் திறந்து காட்டுங்கள். "இங்க எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே" என்றால், ஒரு வாரம் இடைவேளையில் மட்டும் கவனித்துச் சொல்லக் கேளுங்கள். "ஸ்பெஷல் ஸ்கூல்ல சேர்த்துடுங்களேன்" என்றால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அத்தோடு மாறிவிடும். "ஷேடோ டீச்சர் (வகுப்பில் பிள்ளையின் கூடவே இருக்கும் தனி உதவியாளர்) நீங்களே போட்டுக்கோங்க" என்று கேட்கும் பள்ளிகளும் உண்டு. பக்கத்திலேயே ஒரு பெரியவர் ஒட்டி உட்கார்ந்தால் மற்ற பிள்ளைகள் நெருங்குவது குறையும். நண்பர்கள் இல்லை என்பதே சிக்கலாக உள்ள பிள்ளைக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

அன்று இரவே, யார் எதை எந்தத் தேதியிலிருந்து செய்வதாகச் சொன்னார்கள் என்று நன்றியோடு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

6. ஆறு வாரம் கழித்து

அதே நோட்டு, அதே அளவுகள்: டிபன், தண்ணீர், அழுகை நிமிடங்கள். இரண்டாம் வாரமே பலன் தெரியவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

பள்ளி அசையவே இல்லையென்றால் மேலே போகலாம். அரசுப் பள்ளி என்றால் வட்டார வள மையத்தில் உள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். மாநிலப் பாடத்திட்டத் தனியார் பள்ளி என்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். எந்தப் பள்ளியானாலும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் அளிக்கலாம். முத்திரை வாங்கிய அந்தப் பிரதி இங்கேதான் பயன்படும்.

7. ஜூன் மாதம் மறுபடியும்

வகுப்பாசிரியர் மாறினால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஏப்ரலிலேயே பழைய மிஸ்ஸிடம் எது உதவியது என்று கேட்டு, ஒரே பக்கத்தில் எழுதி, பள்ளி திறக்கும் முதல் வாரத்தில் புது மிஸ்ஸிடம் கொடுங்கள். பிள்ளைக்குப் பிடித்தது, பயப்படுவது, அடக்கிக்கொண்டிருப்பதன் அடையாளம் (பென்சில் நுனியைக் கடிப்பது, காதை மூடுவது, எதற்கும் "சரி மிஸ்" என்று சொல்வது), அப்போது என்ன செய்ய வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். எட்டு ஒன்பது வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் கொடுக்கும் முன் அந்தத் தாளை அதனிடம் படித்துக் காட்டி, எந்த வரியை நீக்க வேண்டும் என்று கேளுங்கள்.