சின்ன கம்பஸின் பெயரை எடைபோடும்போது எங்கே தவறுகிறோம்?

உயர்தரப் பெறுபேறு வெளியாகி பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியும் தெரிந்த பிறகு கொழும்புத் தமிழ் வீடுகளில் ஒரே கேள்விதான்: "எந்தக் கம்பஸ் நல்லது?" கம்பஸ் என்று இங்கே சொல்வது தனியார் உயர்கல்வி நிறுவனத்தை. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேட்கிற இந்தக் கேள்வி, பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப யோசிக்கும் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, ஹற்றன் வீடுகளிலும் கேட்கிறது. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. வசதியுள்ளவர்கள் மட்டும் தனியார் கல்வியைத் தேடிய காலம் போய்விட்டது. நகையை அடகு வைத்தும், காணியை ஈடு வைத்தும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனிடம் கேட்டும் காசு கட்டுகிறார்கள். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

சறுக்குவது பெரும்பாலும் ஒரே இடத்தில். ஒரு நிறுவனத்துக்கு ஒரு பெயர், ஒரு தரம் என்று நினைத்துவிடுகிறோம். இங்கே அங்கீகாரம் பட்டத்துக்குப் பட்டம் தனித்தனியாகக் கிடைக்கிறது. படிப்பிக்கிறவர்கள் பிரிவுக்குப் பிரிவு வேறு. கணினிப் பிரிவு நன்றாக நடக்கும் அதே கட்டடத்தில் வணிகப் பிரிவுக்கு அரைவாசி செமஸ்டர் விரிவுரையாளரே இல்லாமல் போகலாம். சிறிய நிறுவனம் என்றால் ஒரு பட்டப்படிப்பு முழுவதும் இரண்டு மூன்று நிரந்தர விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு படித்தவர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அப்படி ஒருவர் போனாலே அந்தப் பட்டத்தின் தரம் மாறிவிடும். ஆகவே கேட்க வேண்டியது "இந்தக் கம்பஸ் எப்படி?" என்பதை அல்ல, "இந்தப் பட்டம், இந்த வருடம், இங்கே எப்படி நடக்கிறது?" என்பதைத்தான்.

"அரசாங்கத்தில் பதிவு இருக்கிறது" என்றதும் திருப்திப்படுவது

எந்தப் பதிவு என்று கேளுங்கள். கம்பனியாகப் பதிவு செய்ததற்கும் பட்டம் வழங்குவதற்கும் சம்பந்தமில்லை. முதலீட்டுச் சபை அனுமதி கல்வித் தரத்துக்கான சான்று ஆகாது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு தொழிற்கல்விக்கு உரியது. அதற்கு அதன் மதிப்பு உண்டு, ஆனால் அதைக் காட்டி ஒரு பட்டப்படிப்பை விற்க முடியாது.

இலங்கையிலேயே வழங்கப்படும் பட்டம் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்த நிறுவனம் வர்த்தமானியில் (அரசிதழில்) அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவித்தல் பட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் வரும். ஒரே நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பட்டம் அங்கீகாரம் பெற்றிருக்கும். புதிதாகத் தொடங்கிய உளவியல் பட்டத்துக்கு இன்னும் விண்ணப்ப நிலைதான் என்றும் இருக்கும். உயர்கல்வி அமைச்சின் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கான பட்டியலில் உங்கள் பட்டத்தின் முழுப் பெயரையும் தேடுங்கள். "விரைவில் கிடைத்துவிடும்" என்று சொன்னால், கிடைத்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே இருந்து படிப்பது இன்னொரு வழி. அதற்கு 25ஏ அங்கீகாரம் பொருந்தாது, ஏனென்றால் பட்டத்தைக் கொடுப்பது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் பட்டியலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் கையேட்டிலோ இருக்கிறதா என்பதைத்தான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கிறது. நீங்களும் அதையே முதலில் பாருங்கள். பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையத்தளத்தில் கொழும்புப் பங்காளியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லையென்றால் அங்கேயே ஒரு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.

டிப்ளோமாவைப் பட்டம் என்று நினைத்துச் சேரும் பிள்ளைகளும் உண்டு. இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் உயர் டிப்ளோமா 4ஆம் மட்டம், சாதாரணப் பட்டம் 5, சிறப்புப் பட்டம் 6. சாதாரணப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. கையேட்டில் மட்டமும் கிரெடிட்டும் எழுதப்படாமல் இருந்தால் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

பட்டம் சரி, தொழில்?

மாலபேயில் 2008இல் தொடங்கிய சைட்டம் நிறுவனத்தின் கதை தெரியாதவர்கள் குறைவு. அதன் மருத்துவப் பட்டத்துக்கு வர்த்தமானி அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் அங்கே படித்து முடித்தவர்களைப் பதிவு செய்ய இலங்கை மருத்துவ சபை மறுத்தது. விஷயம் நீதிமன்றத்துக்கும் வீதிப் போராட்டங்களுக்கும் போய், கடைசியில் 2018இல் மாணவர்களை கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றும் ஏற்பாடு வந்தது. அந்தச் சர்ச்சையில் யார் பக்கம் நியாயம் என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் நடுவில் இளமையின் முக்கியமான வருடங்களைக் காத்திருப்பில் இழந்தது அந்தப் பிள்ளைகள். பட்டத்துக்கான அங்கீகாரமும் தொழில் செய்வதற்கான அங்கீகாரமும் இரண்டு வெவ்வேறு கதவுகள் என்பதைப் பெற்றோர் அங்கே கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

எனவே தொழிலுக்குரிய சபையிடம் நேரே கேளுங்கள். பொறியியல் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையில் அது 2014இல் முழு உறுப்பினரானது. அந்த நிறுவனம் தரச்சான்று அளித்த பட்டமா இல்லையா என்பது பிற்காலத்தில் வெளிநாட்டில் வேலை தேடும்போதும் பேசும். சட்டம் என்றால் புதுக்கடையில் இருக்கும் சட்டக் கல்லூரி. வெளிநாட்டுச் சட்டப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு அங்கே தற்போது என்ன நிபந்தனை என்று நேரில் கேட்டுவிட்டுப் பிறகு பணம் கட்டுங்கள். சேர்க்கை அலுவலகத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். அவர் பொய் சொல்வார் என்பதல்ல. அது அவர் கையில் இல்லாத விஷயம்.

பெயரைச் சொல்வது யார் என்று பார்க்காமல் விடுவது

கொழும்பு பண்டாரநாயக்க சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் (பி.எம்.ஐ.சி.எச்.) கல்விக் கண்காட்சி நடக்கும்போது ஒவ்வொரு கூடத்திலும் பையைக் கொடுத்து, அன்றைக்கே சேர்ந்தால் கட்டணத்தில் கழிவு என்பார்கள். அங்கே நின்று விளக்குபவர் சந்தைப்படுத்தல் ஆள். ஆலோசகர் என்று அறிமுகமாகிறவருக்கு ஒவ்வொரு சேர்க்கைக்கும் தரகு கிடைப்பது உண்டு. "இந்தக் கம்பஸில் சேர்ந்தால் உங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?" என்று நேரடியாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அன்றைக்கே கையொப்பம் வைக்காமல் வீட்டுக்கு வாருங்கள்.

அப்புறம் சொந்தக்காரர். "எங்கள் மாமியின் மகன் அங்கேதான் படித்தான், இப்போது மெல்பேணில் இருக்கிறான்." அவன் எந்த வருடம், எந்தப் பட்டம் படித்தான்? பத்து வருடத்துக்கு முன் படித்தவர் சொல்வது அன்றைய விரிவுரையாளர்களைப் பற்றிய சாட்சியம். இதே அளவு எச்சரிக்கை வசைகளுக்கும் தேவை. கட்டணத் தகராறில் கோபப்பட்ட ஒருவர் பேஸ்புக்கில் எழுதுவதும், கூகுளில் ஒரே வாரத்தில் வரிசையாக விழும் ஐந்து நட்சத்திரங்களும் முழுப் படத்தைத் தருவதில்லை.

நம்பக்கூடிய சாட்சி இரண்டாம், மூன்றாம் வருடத்தில் இப்போது படிக்கிற பிள்ளை. முதல் வருடப் பிள்ளைக்கு இன்னும் எதுவும் தெரியாது. முடித்துவிட்டவருக்குத் தன் பட்டத்தைக் காப்பாற்ற வேண்டிய நிலை. நடுவில் இருப்பவரிடம் கேளுங்கள்: "தம்பி, ஒப்படைக்குப் புள்ளி எவ்வளவு நாளில் வருகிறது? விரிவுரையாளர் வராவிட்டால் என்ன செய்கிறார்கள்? உங்களோடு சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறார்கள்?" கடைசிக் கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் சொல்லும். முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதை லிங்க்ட்இனில் நீங்களே தேடலாம். விளம்பரப் பலகையில் சிரிக்கும் ஒருவரை விட, நீங்களாகத் தேடி எடுத்த இருபது பேரின் வேலை விவரம் நம்பத்தக்கது.

வளாகச் சூழலைத் திறந்த நாளில் மட்டும் பார்ப்பது

இதில்தான் தமிழ் பேசும் குடும்பங்கள் அதிகம் கவனம் செலுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். திறந்த நாளில் பலூன் இருக்கும், இசை இருக்கும், எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். நூலகத்தில் ஆள் இருக்கிறதா, விரிவுரையாளர் அறைக் கதவு திறந்திருக்கிறதா, கன்டீனில் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்களா என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மொழியைப் பற்றிக் கேட்காமல் விடாதீர்கள். கையேட்டில் ஆங்கில மொழிமூலம் என்றுதான் இருக்கும். வகுப்பில் கஷ்டமான இடம் வந்ததும் சில விரிவுரையாளர்கள் சிங்களத்துக்கு மாறிவிடுவார்கள். அறையில் உள்ள பெரும்பான்மைக்கு அது உதவி. சிங்களம் தெரியாத பிள்ளைக்கோ, மிகவும் தேவையான விளக்கமே கைநழுவிப் போகிறது. குழு வேலைக்கான வாட்ஸ்அப் உரையாடலும் அதே மொழியில் நடக்கும். பெரும்பாலும் இது பழக்கத்தால் வருவது, பகையால் அல்ல. ஒரு பிள்ளை கை உயர்த்திக் கேட்டால் ஆங்கிலத்துக்குத் திரும்புகிறாரா என்பதுதான் வேறுபாடு. அங்கே படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளையிடமோ முஸ்லிம் பிள்ளையிடமோ இதைக் கேட்டால் உடனே சொல்லிவிடும்.

இதற்கு எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. "அங்கே எங்கள் பிள்ளைகள் நிறைய" என்ற ஒரே காரணத்துக்காக ஓர் இடத்தைத் தெரிவு செய்வது. துணை தேவைதான், முதல் வருடத்தில் மிகவும் தேவை. ஆனால் நான்கு வருடம் கொழும்பில் இருந்துவிட்டுச் சிங்களம் ஒரு வசனம் பேசாமல் வெளியே வருகிற பிள்ளை, கொழும்பு வேலைத்தலத்தில் தடுமாறுகிறது. துணையும் இருக்க வேண்டும், கலந்து பழக வழியும் இருக்க வேண்டும்.

கடந்த வருடப் பரீட்சை அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். தீபாவளிக்கு அடுத்த நாள் காலை பரீட்சை வைத்திருந்தால், மட்டக்களப்புப் பிள்ளை ஊருக்குப் போய் வருவதை யாரும் யோசிக்கவில்லை என்று தெரியும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் விரிவுரை விழுகிறதா, நவராத்திரிக்கு வாணி விழா நடக்கிறதா, நோன்பு காலத்தில் மாலை வகுப்புகளை எப்படி ஒழுங்கு செய்கிறார்கள் என்பவையும் அப்படித்தான். வெசாக் கூடு கட்டும் இடத்தில் பொங்கல் பானைக்கும் இடம் கொடுக்கிற நிறுவனம் எது என்பது எந்தத் தரவரிசையிலும் வராது.

புதிய மாணவர்களை மூத்தவர்கள் துன்புறுத்தும் பகிடிவதை பற்றி ஒரு வார்த்தை. 1997இல் பேராதனையில் ஒரு தமிழ்ப் பொறியியல் மாணவர் பகிடிவதையால் உயிரிழந்தார். அடுத்த வருடமே, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. தனியார் நிறுவனங்கள் "எங்களிடம் பகிடிவதை இல்லை" என்பதைப் பெரிய பலமாகச் சொல்கின்றன. அது பெரிய ஆறுதல்தான், ஆனால் அதோடு பாதுகாப்பு முடிந்துவிடுவதில்லை. பணத்தை வைத்து ஒதுக்குவது, உச்சரிப்பைக் கிண்டல் செய்வது, பெண் பிள்ளைக்கு ஒரு ஊழியர் தொந்தரவு கொடுப்பது இவையெல்லாம் வேறு வடிவத்தில் நடக்கக்கூடியவை. முறைப்பாட்டை யாரிடம் கொடுப்பது என்று கேளுங்கள். சிறிய இடத்தில் பிரிவுத் தலைவர், பரீட்சைப் பொறுப்பாளர், ஒழுக்காற்றுக் குழு மூன்றும் ஒரே ஆளாக இருப்பது உண்டு. அவருக்கு எதிராகவே முறைப்பாடு என்றால் அதைக் கேட்க இன்னொருவர் இருக்க வேண்டும்.

போக்குவரத்தையும் சூழலின் பகுதியாகப் பாருங்கள். வெள்ளவத்தையில் போர்டிங் எடுத்து மாலபேக்குப் போகிற பிள்ளை காலி வீதி பஸ்ஸில் கொள்ளுப்பிட்டி வந்து, அங்கிருந்து 177ஆம் இலக்க பஸ் பிடித்து, ராஜகிரிய, பத்தரமுல்ல நெரிசலைத் தாண்ட வேண்டும். மாலை வகுப்பு முடிந்து அதே வழியில் திரும்பும் பிள்ளைக்கு மன்றமும் விளையாட்டும் வெறும் கையேட்டுப் படங்கள்தான். உங்கள் பிள்ளையோடு ஒரு வேலைநாளில் ஒரு முறை போய் வாருங்கள்.

சின்ன இடம் என்பதை வைத்தே முடிவெடுப்பது

சிறியது என்பதால் மட்டமாக நினைக்க வேண்டாம். முப்பது பேர் வகுப்பில் பெயர் தெரிந்த விரிவுரையாளர், தவறினால் வீட்டுக்கு அழைத்துச் சொல்கிற பதிவாளர், இவை பெரிய இடங்களில் கிடைப்பது அரிது. மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய வரம். ஆனால் "குடும்பம் மாதிரி" என்று அவர்கள் சொல்வதைப் படிப்பின் தரத்துக்குச் சான்றாக எடுக்காதீர்கள். ஆய்வுகூடமும் பாடத் தெரிவுகளும் எவ்வளவு என்று தனியாகப் பாருங்கள்.

கட்டணக் கடிதத்தைக் கடைசியில் வாசிப்பது

வெளிநாட்டு இணைப்புப் பட்டங்களில் கட்டணத்தின் ஒரு பகுதி பவுணில் இருக்கும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதமளவில் 350ஐத் தாண்டியது. பவுணும் கூடவே ஏறியது. படிப்பின் நடுவில் இருந்த குடும்பங்கள் அந்த வித்தியாசத்தைத் தேட ஓடின. எந்த நாளின் மாற்று வீதம், எத்தனை தவணை, இடைநிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேளுங்கள். அரசின் வட்டியில்லாக் கடன் திட்டம் தெரிவு செய்யப்பட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பட்டங்களுக்கு மட்டும் உண்டு. உங்கள் பட்டம் அதில் அடங்குகிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். இணைப்புப் பல்கலைக்கழகம் இடையில் விலகினால் இப்போது படிக்கிற பிள்ளைகளை முடிக்கும்வரை படிப்பிப்பது யார் பொறுப்பு என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால், முதல் தவணை கட்டுவதற்கு முன், நிறுவனத்தின் முத்திரையோடு தனிக் கடிதமாக அதைக் கேட்டு வாங்குங்கள்.