கெமிஸ்ட்ரி வகுப்பில் பைத்தான்: எர்ரர் காட்டாத தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி மாணவர்களுக்குப் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் ஆசிரியர்களுக்கு இது. கோலன் விட்டுப்போனால் கம்ப்யூட்டரே சொல்லிவிடும். அதை மாணவர் பார்த்துக்கொள்வார். எர்ரரே வராமல் தப்பான விடை தருபவைதான் தலைவலி.

ஆர் ஸ்கொயர் 0.99 வந்ததும் எழுந்துவிடுவது

வருடா வருடம் எரிச்சலூட்டுவது இதுதான். பெர்மாங்கனேட் கரைசல்கள் 0.1, 0.2, 0.4, 0.6, 0.8 மில்லிமோலார்; 525 நானோமீட்டரில் அப்ஸார்பன்ஸ் (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு) 0.24, 0.47, 0.93, 1.34, 1.66 என்று வைத்துக்கொள்வோம். ஐந்துக்கும் சேர்த்து நேர்கோடு போட்டால் ஆர் ஸ்கொயர், அதாவது புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண், 0.995; 1 என்றால் முழுப் பொருத்தம். ரெக்கார்டில் கையெழுத்தும் விழுந்துவிடும்.

இப்போது 0.24 காட்டும் ஒரு மாதிரியை அந்தக் கோட்டில் வைத்துப் பாருங்கள். விடை 0.085 மில்லிமோலார். ஆனால் 0.24 காட்டிய கரைசலை 0.1 என்று நாமேதான் தயாரித்தோம்! 15 சதவீதம் போச்சு. செறிவு கூடும்போது கருவிக்குள் சிதறும் ஒளி டிடெக்டரை எட்டி, அளவீட்டைக் குறைத்துக் காட்டுகிறது. கடைசி இரண்டு புள்ளிகள் கோட்டையே சாய்த்துவிட்டன. முதல் மூன்றை மட்டும் எடுத்தால் சாய்வு 2.3, வெட்டு 0.01, விடை சரியாக 0.1.

இதைப் பிடிக்க புரோகிராமில் ஒரே வரி கூடுதலாக எழுதினால் போதும்: அளந்ததிலிருந்து நேர்கோடு சொல்வதைக் கழித்து, அந்த மிச்சத்தை வரையச் சொல்லுங்கள். மேலே உள்ளதில் குறிகள் கழித்தல், கழித்தல், கூட்டல், கூட்டல், கழித்தல் என்று வில்லாக வளையும். அளவீட்டுப் பிழை மட்டும்தான் என்றால் மேலும் கீழுமாகச் சிதறியிருக்கும். மிச்ச வரைபடம் இல்லாத ரெக்கார்டைத் திருப்பிக் கொடுங்கள், தயவு பார்க்காதீர்கள்.

லாக்

பைத்தானில் வெறும் லாக் என்பது இயல் மடக்கை. 0.01 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பிஹெச் 2-க்குப் பதில் 4.6 வரும். லாக்10 எழுதுங்கள்.

முதல் வகுப்பில் இன்ஸ்டலேஷன்

வேண்டாம். பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாப் போனிலும் திறக்கும்.

எண்ணை அப்படியே புரோகிராமில் எழுதுவது

சம்பை ஊற்றுத் தண்ணீரையும் வீட்டு போர்வெல் தண்ணீரையும் கொண்டுவரச் சொல்லிக் கடினத்தன்மை பார்ப்பது நல்ல பயிற்சி. டைட்ரேஷனுக்கு 0.01 மோலார் இடிடிஏ கரைசல், 50 மிலி மாதிரி என்றால், செலவான மிலியை 20-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கிடைக்கும். அந்த 20-ஐ அப்படியே எழுதிவிடுகிறார்கள். உப்புத் தண்ணீர் என்று ஒருவர் 25 மிலி மட்டும் எடுத்தால் பெருக்க வேண்டியது 40. புரோகிராம் பாதி விடையைச் சத்தமில்லாமல் தரும். மாதிரியின் அளவைத் தனி வேரியபிளாக வையுங்கள்.