வீட்டு மீடியா சர்வரில் ஆளுக்கொரு நூலகம்

தாத்தாவுக்குப் பழைய பாட்டு, அக்காவுக்குக் கொரியத் தொடர், பிள்ளைகளுக்குக் கார்ட்டூன். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் யாருக்கும் எதுவும் அகப்படாது. வீட்டுக் கணினியில் உள்ள படம், பாட்டை மற்றக் கருவிகளிலும் பார்க்க, கேட்க வைக்கும் மீடியா சர்வர் மென்பொருளான ஜெல்லிஃபினில் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர், தனி நூலகம் போடுங்கள். ஆளுக்கொரு கணக்குத் திறந்து, ‘எல்லா நூலகங்களும்’ என்ற டிக்கை எடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் கொடுங்கள். பாதியில் விட்ட இடமும் அவரவர் கணக்கில் தனியாக நிற்கும்.

பிள்ளைகள் கணக்கில் பிஜி13, என்சி16 போன்ற சிங்கப்பூர் வயதுத் தரக்குறியீட்டை மட்டும் நம்ப வேண்டாம். தமிழ்ப் படங்கள் பலவற்றுக்கு இணையத் தரவுத்தளங்களில் சிங்கப்பூர்க் குறியீடே இருக்காது, அதனால் அவை தடையைத் தாண்டி வந்துவிடும். குறியீடு இல்லாதவற்றைத் தடுக்கும் வசதியையும் போட்டுவிடுங்கள்.

அதிகம் சொதப்புவது தமிழ்த் திரைப்பாட்டுதான். ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருப்பார்கள். பாட்டுக் கோப்பின் விவரங்களில் உள்ள ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டம் காலியாக இருந்தால் பட்டியலில் அதே ஆல்பம் பாடகர்தோறும் சிதறிக் கிடக்கும். ஒரு படத்தின் பாட்டுகளை ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பாட்டுக் கோப்பின் விவரங்களைத் திருத்தும் எம்பி3டேக் மென்பொருளில் அவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, அந்தக் கட்டத்தில் இசையமைப்பாளர் பெயரை எல்லா ஆல்பத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில் போடுங்கள். ‘ஆர்ட்டிஸ்ட்’ கட்டத்தில் பாடகர் பெயர் அப்படியே இருக்கட்டும். சேமித்ததும் நூலகத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

படங்களுக்கு ஃபோல்டர் பெயரோடு வெளியான ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் சேருங்கள். இல்லையென்றால் ஒரே பெயருள்ள வேறொரு படத்தின் போஸ்டர் வந்து உட்காரும்.