கூடி நடக்கிறோம், எங்கே சறுக்குகிறோம்? இதய நலக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் வருகைப் பதிவேட்டில் ஒருவருடைய பெயருக்கு நேரே மூன்று வாரங்களாகக் கட்டங்கள் காலியாகக் கிடந்தன. அவருக்கு 52 வயது. புகைப்பதை விட்டு 40 நாட்கள் ஆகிவிட்டன என்று அவர் கடைசியாக வந்த அன்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினோம். நான்காவது வாரம் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். உள்ளே கூப்பிடக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: "மறுபடியும் பிடித்துவிட்டேன். அத்தனை பேர் கைதட்டிய பிறகு எந்த முகத்தோடு வருவது?"

எங்கள் தவறு அன்றுதான் எனக்கு உறைத்தது. வென்றவரைக் கொண்டாட எங்களிடம் ஏற்பாடு இருந்தது. சறுக்கியவர் திரும்பி வர வழி வைத்திருக்கவில்லை. இதய நோயைத் தடுக்கக் குழுவாகக் கூடுகிற எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் கூடுகிறார்கள். ஆனாலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

கூடுவதால் பயன் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழக்கங்கள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொள்கின்றன. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 1948 முதல் நடந்துவரும் இதய ஆய்வின் பதிவுகளை வைத்து 2008இல் ஒரு கணக்கு வெளியானது. கணவன் மனைவியில் ஒருவர் புகைப்பதை விட்டால், மற்றவர் புகைப்பதற்கான வாய்ப்பு 67 சதவீதம் குறைகிறது. நண்பர் விட்டால் 36 சதவீதம் குறைகிறது. இவ்வளவு பலம் பக்கத்தில் இருக்கும் மனிதர்களிடம் இருக்கிறது. அதை வீணாக்கிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

அறிவுரை சொன்னால் போதும் என்று நினைப்பது

உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள், புகைக்காதீர்கள். இவற்றைக் கேள்விப்படாதவர் இன்று அரிது. ஆனாலும் வாராவாரம் யாரோ ஒருவர் எழுந்து நின்று அதையே சொல்கிறார், மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள், கூட்டம் கலைகிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியின் முடிதிருத்தும் கடைகளில் நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அதில் 52 கடைகளின் வாடிக்கையாளர்களான 319 கறுப்பின ஆண்கள் பங்கேற்றார்கள். எல்லோருக்கும் ரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் இருந்தது. ஒரு பிரிவில், முடிதிருத்துபவர் தன் வாடிக்கையாளரிடம் பழக்கங்களை மாற்றச் சொன்னார், மருத்துவரைப் பார்க்கும்படி ஊக்கப்படுத்தினார். மற்றொரு பிரிவில் மருந்தாளுநரே கடைக்கு வந்து, அளவு பார்த்து, மருத்துவருடைய ஒப்புதலின்படி மாத்திரைகளை ஏற்பாடு செய்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவினருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் அளவு (120/80 என்பதில் 120) சராசரியாக 9 புள்ளி குறைந்தது. இரண்டாம் பிரிவினருக்கு 27 புள்ளி குறைந்தது. பழகிய கடையும் பழகிய முகமும் இரண்டு பிரிவிலும் இருந்தன. ஒரு பிரிவில் பேச்சோடு நின்றது, மற்றதில் வேலை நடந்தது.

இதைப் படித்த பிறகு எங்கள் கூட்டத்தில் அறிவுரைக்கான நேரத்தை எடுத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வியை வைத்தோம்: "இந்த வாரம் உங்களுக்கு எது தடையாக இருந்தது?" படுக்கையில் இருக்கும் அம்மாவைத் தனியே விட்டு வர முடியவில்லை என்றார் ஒரு பெண். இரண்டு பேர் முறைவைத்து அந்த அரை மணி நேரம் அவருடைய அம்மாவுக்குத் துணையாக உட்கார ஒப்புக்கொண்டார்கள். அவர் நடக்க ஆரம்பித்தார். அத்தனை மாதங்களாக அவரிடம் நடையின் நன்மைகளைச் சொல்லிக்கொண்டிருந்தோமே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒருவரை மட்டும் திருத்த முயல்வது

வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு வந்துவிட்டால் அவருக்கு மட்டும் தனிச் சமையல், தனித் தட்டு. மற்றவர்கள் எதிரில் உட்கார்ந்து வழக்கம்போலச் சாப்பிடுவார்கள். இந்த ஏற்பாடு அவரைத் தண்டனைக் கைதியாக்கிவிடும். எத்தனை நாள் தாங்கும்?

பின்லாந்தின் வட கரேலியா இதை வேறு விதமாக அணுகியது. அந்தப் பகுதி ஆண்கள் இதய நோயால் இளவயதிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். மக்களே அரசிடம் மனுக் கொடுத்தார்கள். 1972இல் பெக்கா புஸ்கா என்ற இளம் மருத்துவர் தலைமையில் வேலை தொடங்கியது. அங்கே ரொட்டிமேல் வெண்ணெயைத் தடித்துப் பூசிச் சாப்பிடுவார்கள், கொழுப்பு நீக்காத பாலைக் குடிப்பார்கள், உப்பும் அதிகம். ஆண்களில் பாதிப் பேர் புகைத்தார்கள். இல்லத்தரசிகளின் சங்கம் கூட்டங்கள் நடத்தி, வழக்கமான உணவையே கொழுப்பும் உப்பும் குறைத்துச் சமைத்துக் காட்டியது. உணவு தயாரிப்பவர்களிடம் பேசினார்கள். கிராமங்களுக்கிடையே கொலஸ்ட்ரால் குறைக்கும் போட்டிகூட நடந்தது. வேலை நாடு முழுவதும் பரவியது. சில பத்தாண்டுகளில், உழைக்கும் வயது ஆண்களிடையே இதய ரத்தக்குழாய் நோயால் நிகழும் இறப்பு 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. அங்கே மாறியது ஊரின் சாப்பாட்டு மேசை. தனி மனிதரின் மன உறுதியை மட்டும் நம்பியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

சீனாவின் 600 கிராமங்களில் நடந்த ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைத் தாண்டிய ரத்த அழுத்தக்காரர்களுமாக ஏறக்குறைய 21,000 பேர் அதில் இருந்தார்கள். சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்த உப்பைப் பாதிக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். சுமார் ஐந்து ஆண்டுகளில் அந்தக் கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவாக இருந்தது. யாருடைய நாக்கையும் கட்டிப்போடவில்லை, டப்பாவில் இருந்த உப்பைத்தான் மாற்றினார்கள். ஆனால் ஒன்று: சிறுநீரக நோய் உள்ளவர்களும், உடலில் பொட்டாசியத்தை ஏற்றும் மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் இந்த உப்பை மருத்துவரிடம் கேட்காமல் தொடவே கூடாது. எல்லோருக்கும் நல்லது என்று குழு மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக் கொடுப்பது ஆபத்து.

பிரஷர் பார்க்கும் அவசரம்

முகாம் என்றால் நீண்ட வரிசை. மாடி ஏறி வந்த ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டே உட்காருகிறார். முழுக்கைச் சட்டையின் மேலேயே பட்டையைச் சுற்றுகிறார்கள். கை பிடிமானமில்லாமல் தொங்குகிறது. கால்மேல் கால். பக்கத்தில் இருப்பவர் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். 160 என்று ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைக்கிறார்கள். இங்கே நடந்த ஒவ்வொன்றும் அளவை ஏற்றிக்காட்டக்கூடியது. அந்த மனிதர் அன்றிரவு தூங்குவாரா?

சரியாகப் பார்க்க அரை மணி நேரம் முன்பிருந்தே புகையும் காபியும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பட்டை வெறும் தோலின்மேல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஆறு நாற்காலிகளைச் சுவரோரம் போட்டு, "இங்கே ஐந்து நிமிடம் அமைதி" என்று அட்டை எழுதி வைத்தாலே பாதிப் பிழை போய்விடும்.

அளந்ததோடு விட்டுவிடுவது அதைவிடப் பெரிய தவறு. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் நடந்த ஆய்வில், பாதி இடங்களில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிப் போய் அளவு பார்த்தார்கள், பேசினார்கள், தேவைப்பட்டவரை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் அங்கே மேல் அளவு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட ஏறக்குறைய 5 புள்ளி கூடுதலாகக் குறைந்தது. திரும்பத் திரும்பப் போனதால் வந்த பலன் இது. அளவு கூடுதலாக இருந்தவர்களின் பெயர்ப் பட்டியலை யார் வைத்திருக்கிறார்கள், இரண்டு வாரம் கழித்து யார் போய்க் கேட்கப்போகிறார்கள் என்று முடிவு செய்யாமல் முகாம் நடத்தாதீர்கள்.

நடுக்கூடத்தில் எடை இயந்திரம்

எல்லோர் முன்னாலும் எடை பார்த்து உரக்கப் படிக்கும் பழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. குறைந்தவருக்குப் பாராட்டு. கூடியவருக்குச் சிரிப்பொலி. அடுத்த வாரம் அவர் வரமாட்டார். எடையையும் அளவுகளையும் அவரவர் குறிப்பேட்டில், தனியாக எழுதிக் கொடுங்கள்.

புகை பிடிப்பவர்களிடம் இந்த வெட்கம் இன்னும் ஆழமாக வெட்டுகிறது. விட்டவர்களில் பெரும்பாலோர் ஒரே முயற்சியில் விட்டவர்கள் அல்லர். 21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்று சொல்லப்படுவதையும் நம்ப வேண்டாம். லண்டனில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கும் அளவுக்குப் படிய சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு அதைவிட வெகு காலம் பிடித்தது. அப்படியிருக்க, 40ஆம் நாள் சறுக்குவதில் என்ன அதிசயம்?

வாசலில் நின்ற அந்த மனிதரிடம் நான் திரும்பப் போனேன். இந்த முறை கேள்விகள் வேறு: அன்று எந்த நேரம், யாருடன் இருந்தீர்கள், கையில் எப்படி வந்தது? இரவு வேலை முடிந்து சக ஊழியர்களோடு வெளியே நிற்கும் பத்து நிமிடம்தான் சிக்கல் என்று அவரே கண்டுபிடித்தார். அந்தப் பத்து நிமிடத்துக்குக் குழுவில் ஒருவர் அவரைத் தொலைபேசியில் அழைப்பதாக ஏற்பாடு. புகையைக் கைவிட்ட ஓராண்டில் இதய நோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறையும் என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகும் இரண்டு முறை சறுக்கினார், இரண்டு முறையும் மறுநாளே எங்களிடம் சொன்னார். அந்த மறுநாள்தான் எனக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது.

மாத்திரையை நிறுத்திவிடுவது

"இப்போது நன்றாக நடக்கிறேன், பிரஷரும் 120 காட்டுகிறது, எதற்கு மாத்திரை?" இதைக் கேட்காத குழு இருக்காது. பல நேரம் அந்த 120 மாத்திரையின் உழைப்பு. குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை, பக்கத்தில் நடப்பவரின் வேலை அல்ல. கொலம்பியாவிலும் மலேசியாவிலும் 1,371 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் ஒரு பிரிவினர் ஒவ்வொருவரும் ஒரு நண்பரையோ உறவினரையோ துணைக்கு அமர்த்திக்கொண்டார்கள். இலவச மருந்து, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர், மருந்தை நினைவுபடுத்தும் அந்தத் துணை, மூன்றும் சேர்ந்து ஓராண்டில் மேல் அளவை மற்றப் பிரிவைவிட 11 புள்ளி கூடுதலாகக் குறைத்தன. குழு இப்படி மருந்துக்குத் துணையாக நிற்க வேண்டும்.

நேரத்தையும் யோசியுங்கள். காலை ஆறு மணி என்று வைத்தால் இரவு வேலைக்காரர்களும் சிறு குழந்தை வைத்திருப்பவர்களும் வரமாட்டார்கள். அபாயம் அவர்களிடம்தான் அதிகம் இருக்கக்கூடும். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைப் பத்துப் பத்து நிமிடமாக, எந்த நேரத்திலும் சேர்க்கலாம்.

எல்லோரையும் ஒரே வேகத்தில் இழுக்காதீர்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வருகிறது, நின்றால் போய்விடுகிறது என்று ஒருவர் சொன்னால், "பழகினால் சரியாகிவிடும்" என்று சொல்லிவிடாதீர்கள். அவர் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். நின்ற பிறகும் இறுக்கம் விடவில்லை என்றாலோ, அதோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி வந்தாலோ, தாமதிக்காமல் ஆம்புலன்சை அழையுங்கள். பெண்களுக்கு வலி தெளிவாக இல்லாமல் அசதியாகவும் குமட்டலாகவும் மட்டும் வரலாம். எங்கள் பதிவேட்டின் முன்னட்டையின் உள்பக்கத்தில் அவசர எண்ணையும், யார் அழைப்பது, யார் வண்டிக்கு வழிகாட்டுவது, யார் வீட்டுக்குச் சொல்வது என்பதையும் எழுதி ஒட்டியிருக்கிறோம். மாதம் ஒரு முறை, நடப்பதற்கு முன் அதை உரக்கப் படிக்கிறோம்.