வாடகைக் காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் பணம் பிடிக்கிறார்களா? இப்படிச் செய்யுங்கள்

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்திலிருந்து துபாயில் இருக்கும் சொந்தக்காரர்களைப் பார்க்க விசிட் விசாவில் போகிறவர்கள், அங்கே வாடகைக் கார் எடுப்பது இப்போது சகஜம். ஊர் திரும்பிக் கொஞ்ச நாள் கழித்து கார்டில் பணம் போனதாக மெசேஜ் வரும். ஓடிபி கூடக் கேட்கவில்லையே என்று பதறி, உடனே ‘மோசடி’ என்று வங்கியில் புகார் கொடுத்துவிடாதீர்கள். வெளிநாட்டு நிறுவனங்களால் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடியும். கார் எடுக்கும்போது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்குச் சம்மதமும் இருக்கும். கார் கம்பெனி அதைக் காட்டினால் உங்கள் புகார் அங்கேயே முடிந்துவிடும்.

படி 1: தொகையைப் பிரித்துக் கேளுங்கள்

கார் கம்பெனிக்கு மெயில் போடுங்கள். போனில் பேசினால் அத்தாட்சி இருக்காது. ஒப்பந்த எண், கார் நம்பர், பிடித்த தொகை, தேதி ஆகியவற்றை எழுதி, “எது எதற்கு எவ்வளவு என்று ரசீதோடு அனுப்புங்கள்” என்று கேட்டால் போதும். கோபத்தையெல்லாம் இந்த மெயிலில் கொட்ட வேண்டாம்.

படி 2: ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்

முதலில் டோல். நம் பாம்பாம்பள்ளம் டோலில் பாஸ்டேக்கில் பணம் போனால் நம் போனுக்கே மெசேஜ் வந்துவிடும். துபாயில் சாலிக் என்ற தானியங்கி டோல் கேட்டைக் கடக்கும்போது பணம் கம்பெனியின் கணக்கில் கழியும். நம்மிடம் பிறகுதான் வசூலிப்பார்கள். 2025 ஜனவரி 31 முதல், ஞாயிறு தவிர்த்த சாதாரண நாட்களில் காலை 6 முதல் 10 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் ஒரு கேட்டுக்கு 6 திர்ஹாம். மற்ற நேரத்தில் 4. இரவு 1 முதல் காலை 6 வரை இலவசம். இதற்கு மேல் கம்பெனி தன் சேவைக் கட்டணத்தைச் சேர்க்கலாம், ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து அபராதம். துபாய் போலீஸ் இணையதளத்தில் கார் நம்பரைப் போட்டுப் பார்க்கலாம். தேதியையும் நேரத்தையும் நீங்கள் சாவி வாங்கிய, கொடுத்த நேரத்தோடு ஒப்பிடுங்கள். உங்களுக்கு முன்னாலோ பின்னாலோ ஓட்டியவரின் அபராதம் உங்கள் தலையில் விழுந்திருக்கலாம். ஒன்று கவனியுங்கள்: துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். போன் இந்திய நேரத்திலேயே இருந்திருந்தால் போட்டோவில் உள்ள நேரம் குழப்பிவிடும்.

காரில் கீறல், ஒடுக்கு என்று பணம் பிடித்திருந்தால்தான் உண்மையான சண்டை. துபாயில் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் அடிபட்ட காரை ஒர்க்‌ஷாப்பில் எடுக்கமாட்டார்கள். அதனால் போலீஸ் ரிப்போர்ட், ஒர்க்‌ஷாப் பில், தேதியுள்ள போட்டோ மூன்றையும் கேளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து, திருப்பிக் கொடுத்தபோது எடுத்த வீடியோவை அனுப்புங்கள். டேங்க் நிரப்பாமல் கொடுத்ததற்கான காசைக் கட்டிவிட்டு நகருங்கள்.

படி 3: வங்கி எடுத்ததைத் தனியே வையுங்கள்

கம்பெனி சொல்லும் திர்ஹாம் கணக்கும் உங்கள் ரூபாய்க் கணக்கும் பொருந்தாது. பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதாவது வங்கியின் கூடுதல் கட்டணம், உண்டு. அந்த மார்க்கப் மீது 18 சதவீத ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்க்கு 350, அதோடு 63, ஆக 413 ரூபாய் கூடுதல். இதற்குக் கார் கம்பெனியைத் திட்டிப் பிரயோஜனமில்லை. டெபாசிட் இன்னும் வரவில்லை என்றால், அது வெறும் பிளாக்கா (எடுக்காமல் நிறுத்தி மட்டும் வைத்ததா), எடுத்தே விட்டார்களா என்று ஸ்டேட்மென்டில் பாருங்கள். அபராதம் தாமதமாகப் பதிவாகும் என்பதால் சில வாரம் நிறுத்தி வைப்பது அங்கே வழக்கம்.

படி 4: டிஸ்பியூட்

கம்பெனி பதில் தரவில்லை, அல்லது ரசீது காட்டவில்லை என்றால் கார்டு கஸ்டமர் கேரில் டிஸ்பியூட், அதாவது ‘இந்தத் தொகையை ஏற்கவில்லை’ என்ற மறுப்பு, பதியுங்கள். ஊர்க் கிளையில் போய் நின்றால் அவர்களும் அதே நம்பரைத்தான் தருவார்கள். நியாயமான டோலை விட்டுவிட்டு, மறுக்கும் தொகையை மட்டும் எழுதுங்கள். முழுத் தொகையையும் மறுத்தால் நம் பேச்சு எடுபடாது. மெயில், ஒப்பந்தம், போட்டோ எல்லாம் இணைக்க வேண்டும். காலக்கெடு பெரும்பாலும் 120 நாள் என்றாலும், அதுவரை காத்திருக்காதீர்கள்.

வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம், விவரத்துக்கு 14448. இந்திய டிராவல்ஸ் அல்லது இந்திய இணையதளம் மூலம் புக் செய்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், அதாவது பாலக்காட்டிலேயே. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து பாருங்கள். பல நேரம் அந்த ஒரு புகாருக்கே டிராவல்ஸ்காரர் இறங்கி வருவார்.