நொண்டும் குதிரையைக் கடலில் இறக்குமுன்

மட்டக்களப்புப் பக்கத்துப் பாசிக்குடாக் கடலில் வெகுதூரம் உள்ளே நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது. கீழே மணல், அலையும் குறைவு. கால் நொண்டும் குதிரையை வைத்திருப்பவருக்கு, அதைத் தண்ணீரில் நடத்திக் குணமாக்கலாம் என்ற ஆசை வரத்தான் செய்யும். ஆனால், எருமை குளத்தில் ஊறிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்த கண்ணோடுதான் நாம் குதிரையையும் பார்க்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எதனால் நொண்டுகிறது என்று தெரியாமல் இறக்குவதுதான் பெரிய பிழை. நேற்று நன்றாக நடந்த குதிரை இன்று காலையே ஊன்ற மறுத்தால், குளம்புக்குள் சீழ் கட்டியிருக்கலாம், ஆணி ஏறியிருக்கலாம், எலும்பே வெடித்திருக்கலாம். இவற்றில் எதற்கும் நீர்நடை மருந்தல்ல. முதலில் மிருக வைத்தியர் பார்க்கட்டும்.

அடுத்தது ஆழம். நமக்கு இடுப்பளவுத் தண்ணீர், ஓரளவு உயரமான குதிரைக்கு முன்னங்கால் முழங்கை மட்டம்தான் வரும். அந்த அளவில் அதன் பாரம் பத்தில் ஒரு பங்கு போலத்தான் குறையும். குதிரையின் சொந்த இடுப்பெலும்பு வரை நீர் ஏறினால்தான் முக்கால் பங்கு பாரம் போகும். கரையோரம் கணுக்கால் அளவில் நடத்துவதை ‘இலேசான பயிற்சி’ என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே குதிரை ஒவ்வோர் அடிக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், மூட்டு கூடுதலாக மடங்கும். விறைத்த மூட்டுக்கு அது நல்லது, வீங்கிய மூட்டுக்கு அல்ல.

அதற்காக நீந்த விடலாமா? நீந்தும்போது குதிரை தலையை உயர்த்தி, முதுகைக் குழித்து, பின்னங்கால்களால் பலமாக உதைக்கும். முதுகிலோ பின்னங்கால் மூட்டிலோ நோ இருந்தால் அது கூடும். தசைநாணும் எலும்பும் இறுகுவதற்குக் கொஞ்சம் பாரம் வேண்டும். தசைநாண் கிழிந்த குதிரைக்குப் பெரும்பாலும் ஒன்பது மாதமாவது செல்லும், நீச்சலை மட்டும் நம்பினால் தரையில் ஓடும் நாளில் மறுபடி கிழியலாம்.

‘கடல் தண்ணி குளிர்ச்சி, வீக்கம் வத்தும்’ என்பார்கள். வீக்கத்துக்கென்று வைத்திருக்கும் குளிர்நீர்த் தொட்டிகள் 5 பாகையளவில் இருக்கும். நம்முடைய கடல் 28 பாகையளவில் கிடக்கிறது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைப்பது மேல்.

பக்கத்தில் இருக்கிறதென்று வாவியில் இறக்காதீர்கள். சேறு காலை இழுக்கும், முதலையும் உண்டு. திறந்த காயத்தோடு தேங்கிய குளத்து நீரில் நிறுத்தினால், பூஞ்சை போன்ற ஒரு கிருமி புகுந்து சதை வளரும் புண்ணாக்கிவிடும். ஆற்றுவது மகா கடினம். மாரியில் கடலையும் மறந்துவிடுங்கள்.

முதல் நாள் மூன்று, நான்கு நிமிடம் போதும். இறக்குமுன் நல்ல தண்ணீர் குடிக்கக் கொடுங்கள், தாகத்தில் உப்புநீரை உறிஞ்சப் பார்க்கும். ஏறியதும் நல்ல தண்ணீரால் கழுவி, குளம்புக்கு மேலுள்ள குழிவை ஈரம் போகத் துடையுங்கள். மறுநாள் காலை இரண்டு கால்களையும் தடவிப் பாருங்கள். நோவுக்கால் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அன்றைக்குக் கடற்கரைப் பக்கம் போகவேண்டாம்.